முன்சீபின் கண்ணோட்டம்

மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை என்றதும் நம் நினைவில் எழுவது ஒரே செய்திதான்: தமிழில் முதன்முதல் நாவல் எழுதியவர். 1879-ஆம் ஆண்டு வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்னும் பெயரை மாணவர்கள் தேர்வுக்காக மனனம் செய்கின்றனர். நூலோ அலமாரியில் உறங்குகிறது. கத்தோலிக்கராகிய நாமும், 'முதல் நாவலாசிரியர் நம்மவர்' என்று பெருமை பாராட்டிக்கொண்டு அத்துடன் நின்றுவிடுகிறோம். அவர் என்ன எழுதினார், எதற்காக எழுதினார், அவருடைய விசுவாசம் அவருடைய எழுத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்பவர் சிலரே.

இக்கட்டுரை அவற்றுள் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கிறிஸ்தவ வாழ்வில் தயை என்பது யாது? அதற்கும் நீதிக்கும் உள்ள உறவு என்ன? வாழ்நாளில் பெரும்பகுதியை நீதிமன்றத்தில் செலவிட்ட ஒரு கத்தோலிக்கப் பொதுநிலையினர் இதற்குத் தம் நூல்களில் தந்துள்ள விடை, குருமடத்து வகுப்பறைகளில் கிடைக்கும் விடைக்குச் சற்றும் குறைந்ததன்று. அதே சமயம், அந்த விடையில் ஓரிடம் வெறுமையாகவே இருக்கிறது. இரண்டையும் காண்பதே திறனாய்வின் கடமை.

முதலில் ஒரு தெளிவு. காவிரி நாட்டுக் கிறிஸ்தவ இலக்கியத்தில் வேதநாயகர் இருவர் உண்டு. ஒருவர் சரபோஜி மன்னரின் காலத்தில் தஞ்சையில் வாழ்ந்து, 1864-இல் மறைந்த சுவிசேஷக் கவிராயர் வேதநாயக சாஸ்திரியார். அவர் லுத்தரன் திருச்சபையைச் சார்ந்தவர். நாம் பேசவிருப்பவர் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். திருச்சி நீதிமன்றத்தில் பதிவேடு காப்பாளராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராக உயர்ந்து, பின் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீபாக அமர்ந்து, 1872-இல் ஓய்வு பெற்று, 1889-இல் மாயூரத்தில் கண்மூடியவர். மாயூரம் இன்று மயிலாடுதுறை.

சொல்லின் பொருள்

வேதநாயகரை அணுகுமுன் 'தயை' என்னும் சொல்லைச் சற்று உரசிப் பார்ப்போம். பேச்சு வழக்கில் இச்சொல் மெலிந்துவிட்டது. 'தயவு செய்து' என்று நாள்தோறும் நூறு முறை சொல்கிறோம். அதில் தயவும் இல்லை, செய்தலும் இல்லை. மறையுரைகளிலும் தயை என்பது பெரும்பாலும் இனிய சொல், மலர்ந்த முகம், சிறு உதவி என்ற அளவில் முடிந்துவிடுகிறது.

தூய பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் தூய ஆவியாரின் கனிகளை வரிசைப்படுத்தும்போது இதற்கு ஆளும் கிரேக்கச் சொல் 'கிரேஸ்தொத்தேஸ்'. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இதனைப் 'பரிவு' என்று பெயர்க்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் 'தயவு'. இதே வேரிலிருந்து வரும் 'கிரேஸ்தொஸ்' என்னும் சொல்லை மத்தேயு நற்செய்தியில் நம் ஆண்டவரே தம் நுகத்துக்கு அடைமொழியாக்குகிறார். தம்மிடம் வருவோர்மீது தாம் வைக்கும் நுகம் உறுத்தாதது என்கிறார்.

தஞ்சைத் தரணியில் பிறந்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. டிராக்டர் வருமுன் ஏர் ஓட்டிய பெரியவர்கள் அறிவார்கள்: நுகத்தடியைச் சரியாக இழைக்காமல் பூட்டினால் காளையின் கழுத்தில் புண் விழும். நல்ல உழவர் காளையின் கழுத்தைத் தடவிப் பார்த்து நுகத்தடியை இழைப்பார். உழவு நின்றுவிடுவதில்லை, நுகமும் கழற்றப்படுவதில்லை. ஆனால் சுமப்பவனின் கழுத்தை அறிந்து நுகம் செய்யப்படுகிறது. கிரேஸ்தொத்தேஸ் என்பதன் உயிர் இங்கே இருக்கிறது. உழைப்பையும் கடமையையும் நீக்காமல், அவற்றைச் சுமப்பவனுக்குப் புண் உண்டாக்காமல் இருக்கச் செய்யும் கவனமே தயை.

முதல் நூற்றாண்டுகளில் வேற்றினத்தார் சிலர் 'கிறிஸ்தியானுஸ்' என்பதைக் 'கிரேஸ்தியானுஸ்' என்று பிழையாக உச்சரித்தனர். இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய தெர்த்துல்லியன் இதனைச் சுட்டி, 'நீங்கள் பிழையாகச் சொன்னாலும் அது இனிமையையும் தயையையும் அல்லவா குறிக்கிறது' என்னும் கருத்துப்பட வாதாடுகிறார். நம் பெயரைத் தவறாகச் சொன்னாலும் தயையுடையோர் என்றே பொருள்பட்ட காலம் ஒன்று இருந்தது!

தமிழ் மரபில் இதற்கு நேரான சொல் 'கண்ணோட்டம்'. திருவள்ளுவர் இதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். ஆனால் அதை எங்கே வைத்தார் என்பதைக் கவனித்தல் வேண்டும். அருளுடைமையை அறத்துப்பாலில் துறவறத்தாருக்கு வைத்த வள்ளுவர், கண்ணோட்டத்தைப் பொருட்பாலில், ஆள்வோருக்குரிய பகுதியில் வைத்தார். செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை, அதன்பின் கண்ணோட்டம். அதிகாரம் உடையவனுக்கே கண்ணோட்டம் மிகத் தேவை என்பது இந்த வரிசையின் செய்தி. அதுமட்டுமன்று; கடமை சிதையாதபடி கண்ணோட்டம் கொள்ள வல்லவர்க்கே உலகம் உரியது என்னும் கருத்தையும் அந்த அதிகாரம் தாங்கி நிற்கிறது. நீதியைக் கெடுக்கும் தாட்சணியம் கண்ணோட்டம் ஆகாது.

பவுலின் சொல்லும் வள்ளுவரின் சொல்லும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அந்த இடத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தவர் மாயூரம் முன்சீப்.

நீதிமன்றத்தில் பிறந்த அறம்

வேதநாயகரின் முதற்பெரும் செய்யுள் நூல் 1859-இல் வெளிவந்த 'நீதிநூல்'. அறநூல்கள் பொதுவாகச் சொல்லும் பொய், களவு, பொறாமை, சோம்பல் ஆகியவற்றோடு கைக்கூலியைக் கண்டிக்கவும் அவர் ஒரு தனி அதிகாரம் வகுத்தார். பழைய நீதிநூல்களில் காண்பதற்கு அரிய பொருள் இது. கச்சேரி வாசலில் நின்று பார்த்தவர் எழுதியது. ஏழையிடம் வழக்குக்காகப் பணம் பறித்துவிட்டு, அதே பணத்தில் கோயிலுக்கு விளக்கு ஏற்றும் உத்தியோகஸ்தனை அவர் காலத்து வாசகர்கள் அறிந்திருப்பார்கள். நம் காலத்து வாசகர்களும் அறிவார்கள்.

அவர் செய்த மற்றொரு பணி இலக்கிய வரலாறுகளில் ஒரு வரியாகக் கடந்து போகிறது. உயர்நீதிமன்றத்துக்கு முந்திய சதர் அதாலத் நீதிமன்றத்தின் ஆங்கிலத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரில் அவர் வெளியிட்டார். தன் வாழ்வையே தீர்மானிக்கும் சட்டம் தனக்கு விளங்காத மொழியில் இருக்கும்போது, குடியானவன் யாரோ ஒருவரின் தயவில் நிற்க வேண்டியவனாகிறான். அவனுக்குச் சட்டத்தைத் தமிழில் கொடுத்தால் அந்தத் தயவு அவனுக்குத் தேவைப்படாது. பிறருடைய தயவை எதிர்பார்த்து நிற்கும் நிலையிலிருந்து ஒருவனை விடுவிப்பதே அவனுக்குச் செய்யும் பெருந்தயை. இதனை வேதநாயகர் கொள்கையாக அறிவிக்கவில்லை, செய்து காட்டினார்.

பெண் கல்விக்காக அவர் எழுதியதும் இவ்வகையைச் சார்ந்ததே. 1869-இல் அவர் 'பெண்மதி மாலை'யை வெளியிட்டபோது, பெண்களுக்கு எழுத்தறிவு ஆபத்து என்று எண்ணியவர் பலர். பெண்ணுக்கு நகை கொடுப்பது அன்பு என்று கருதிய காலத்தில், கல்வி கொடுப்பதே அன்பு என்றார் அவர்.

நாவலின் சிரிப்பு

'பிரதாப முதலியார் சரித்திர'த்தைத் திறனாய்வாளர்கள் பலவாறு குறை கூறியுள்ளனர். கதைக்கட்டு தளர்ந்தது, தற்செயல் நிகழ்ச்சிகள் மிகுதி, கதைக்குள் கிளைக்கதைகள், பாத்திரங்கள் மேடையேறிப் பிரசங்கம் செய்கின்றனர். இவை உண்மையே. முக்கியப் பாத்திரங்களைக் குற்றமற்ற நல்லோராகவே படைத்ததற்கு ஆங்கில ஒழுக்கவியலார் ஜான்சனின் கருத்தை ஆதாரமாகக் காட்டி, முன்னுரையில் அவரே விளக்கம் சொல்கிறார். குற்றமற்றவர்களின் தயை வாசகனை எளிதில் தொடுவதில்லை. சுந்தரத்தண்ணியும் ஞானாம்பாளும் செய்யும் நற்செயல்களைப் படிக்கும்போது நாம் வியக்கிறோம். நம் நெஞ்சு குத்துவதில்லை. போராட்டமின்றிக் கனியும் நற்குணம் புனிதர் வரலாற்றுச் சித்திரங்களைப் போல் அழகாகவும் தொலைவாகவும் இருக்கிறது.

எனினும், பலர் காணாமல் விட்ட ஒரு சிறப்பு இந்நாவலில் உண்டு. கதையைச் சொல்பவன் பிரதாபன். அவன் தன் குடும்பத்தின் செல்வச் செருக்கையும் தன் சிறுபிள்ளைத்தனத்தையும் தானே சொல்லிச் சிரிக்கிறான். தன்னை முதலில் நகைப்புக்கு ஆளாக்கிய பிறகே பிறரைப் பார்த்து நகைக்கிறான். அந்தச் சிரிப்பில் நஞ்சு இல்லை. நெறி தவறியவனை இகழ்ந்து தள்ளாமல், 'நானும் இப்படிப்பட்டவனே' என்று தோளில் கைபோட்டுத் திருத்துகிற சிரிப்பு அது. நாள்முழுதும் பொய்ச்சாட்சிகளைக் கேட்டுக் கேட்டு மனம் கசந்துபோக எல்லாக் காரணமும் இருந்த ஒரு நீதிபதி, மனிதரை வெறுக்காமல் எழுதியிருக்கிறார். நடையிலேயே கண்ணோட்டம் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

நாவலின் பிற்பகுதியில், ஆண் வேடத்தில் இருந்த ஞானாம்பாளுக்கு யானை மாலையிட, அவள் விக்கிரமபுரிக்கு அரசனாகிறாள். நம்பத்தகாத கதைதான். ஆனால் அரியணை ஏறியவள் செய்வதைப் பாருங்கள். தான தருமத்தோடு அவள் நின்றுவிடவில்லை. நீதிபதிகள் எப்படி இருக்க வேண்டும், கைக்கூலி எப்படி நாட்டை அரிக்கும், தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் தமிழே வழங்க வேண்டியதன் அவசியம் என்ன என்றெல்லாம் அவள் வாயிலாகப் பேச்சுகள் எழுகின்றன. கதை நின்றுவிடுகிறது என்று இலக்கிய வாசகன் சலித்துக்கொள்கிறான். கதை நிற்கும் இடத்தில்தான் முன்சீப் பேசுகிறார்: அரசியின் இரக்கம் முதலில் நீதிமன்றத்தைச் சீர்படுத்தட்டும், பிறகு அன்னசத்திரம் திறக்கட்டும்.

திராட்சைத் தோட்டக்காரர் உவமையை இதன் அருகில் வைத்துப் பார்ப்போம். மத்தேயு நற்செய்தி இருபதாம் அதிகாரத்தில், மாலையில் வந்தவர்களுக்கும் முழுநாள் கூலி கொடுக்கிறார் தோட்ட உரிமையாளர். அவருடைய தாராளத்தைப் பற்றி நாம் பல மறையுரைகள் கேட்டிருக்கிறோம். ஆனால் காலையில் வந்தவர்களுக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் அவர் குறைக்கவில்லை. முன்னவர்களின் கூலியைப் பிடித்துப் பின்னவர்களுக்குக் கொடுத்திருந்தால் அது தயையாகாது, கொள்ளையாகும். பேசிய கூலி முதலில். தயை அதற்கு மேல். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல் பொதுநிலையினர் பணி பற்றிய ஆணையில் இதையே வற்புறுத்தியது: நீதிப்படி கொடுக்க வேண்டியதை அன்பின் கொடை போலக் காட்டிக் கொடுத்தல் ஆகாது.

தாது வருஷம்

வேதநாயகரின் எழுத்து அவருடைய வாழ்வால் சோதிக்கப்பட்ட காலம் ஒன்று வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய கொடும் பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் வழங்கினர். இறந்தவர்கள் 50 இலட்சத்துக்கும் மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. காவிரியின் பாசனம் இருந்ததால் தஞ்சைப் பகுதி ஏனைய மாவட்டங்களைப் போல் முற்றிலும் வாடவில்லை. ஆனால் நெல்லின் விலை ஏறியது, பசித்தவர் வந்து குவிந்தனர்.

அரசும் நிவாரணம் செய்யாமல் இல்லை. ஆனால் அந்த நிவாரணத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. 1877-இல் அரசின் சார்பில் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று விதித்தார். சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். கடின வேலை செய்யும் உடலுக்கு இது போதாது என்பது அவர் வாதம். ஒருபுறம் சிக்கனம் நோக்கிய அளவுகோல். மறுபுறம் எலும்பும் தோலுமான உடல்களை நேரில் பார்த்த மருத்துவர். கழுத்தைத் தொட்டுப் பாராமல் செய்த நுகம் எப்படியிருக்கும் என்பதற்கு வரலாறு தந்த சான்று இது.

ஓய்வு பெற்றிருந்த முன்சீப் மாயூரத்தில் என்ன செய்தார்? கஞ்சித் தொட்டிகள் திறந்தார். தம் பொருளை வாரி வழங்கினார். அதைக் கண்டு நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். சிவபக்தியில் ஊறிய அந்தண இசைவாணர், கத்தோலிக்க முன்சீபைப் பாடினார் என்றால், அங்கே சமயப் பெயர்ப்பலகைகளுக்கு அப்பால் ஏதோ ஒன்று நடந்திருக்க வேண்டும். ஏற்கெனவே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது 'குளத்தூர்க் கோவை' பாடியிருந்தார்; திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரும் அவருடைய நண்பர். மதத்தைக் கடந்த இந்நட்புகளுக்காக வேதநாயகர் தம் விசுவாசத்தை நீர்க்கவிடவில்லை. தேவமாதாமீது அந்தாதி பாடியவரும் அவரே.

1878-இல் வெளிவந்த 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'களில் பஞ்சத்தை நீக்கும்படி இறைவனை மன்றாடும் பாடல்கள் உண்டு. அவற்றைப் படிக்கும்போது நாவலில் நாம் உணர்ந்த தொலைவு மறைந்துபோகிறது. அங்கே குற்றமற்ற கதாநாயகிகள் இல்லை. செய்வதறியாமல் நிற்கும் ஒரு மனிதர் இருக்கிறார். கையில் இருந்ததைக் கொடுத்தும் போதாமல், வானத்தை நோக்கி முறையிடுகிறார். பசியின் கொடுமையைக் கடவுளுக்கே எடுத்துச் சொல்கிறார். திருப்பாடல் ஆசிரியர்களின் புலம்பல் மரபு இது. தான் கொடுப்பது போதாது என்று அறிந்தவனின் தயையில் செருக்குத் தங்காது. எழுத்தாளராக வேதநாயகர் மிக உயர்ந்து நிற்கும் இடம், என் கணிப்பில், நாவலன்று, இக்கீர்த்தனைகளே.

வெறுமையான இடம்

இனி, தொடக்கத்தில் சொன்ன வெறுமையான இடத்துக்கு வருவோம். வேதநாயகரின் உரைநடை நூல்களில் வயல் இல்லை. தஞ்சைத் தரணியில் பல்லாண்டுகள் வாழ்ந்து எழுதியவரின் நாவலில், நாற்று நட்ட கைகளும் கதிர் அறுத்த கைகளும் நம் கண்முன் வருவதில்லை. ஏழைகள் வருகின்றனர், பெரும்பாலும் உதவி பெறுவதற்காக வந்து, வாழ்த்திவிட்டுப் போகின்றனர். ஏழை வீட்டுப் பிள்ளையாக வளர்ந்து கதையில் நிலையான இடம் பெறுபவன் கனகசபை. அவனும் பின்னால் தேவராஜ பிள்ளை என்னும் செல்வரின் மகன் என்று கண்டுபிடிக்கப்படுகிறான்! ஏழையை ஏழையாகவே வைத்து அவனுக்கு ஒரு முகமும் குரலும் கொடுக்க நாவலாசிரியரால் இயலவில்லை. அவர் படைத்த உலகில் தயை மேலிருந்து கீழே மட்டும் பாய்கிறது.

'அது அக்காலத்தின் எல்லை' என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. ஏனெனில் அதே காலத்தில், அதே மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த அவர் நண்பர் கோபாலகிருஷ்ண பாரதியார் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யில் அந்த வயலைப் பாடிவிட்டார். பெரியபுராணத்தில் இல்லாத ஒரு நிலக்கிழார் அங்கே வருகிறார். சிதம்பரம் போக விடை கேட்கும் பண்ணையாளிடம், நாற்பது வேலி நிலத்துச் சாகுபடியை முடித்துவிட்டுப் போ என்கிறார். நாற்பது வேலி என்றால் 260 ஏக்கருக்கும் மேல். இரவோடு இரவாக இறையருளால் பயிர் விளைந்து நிற்கிறது. அந்த அற்புதத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது ஒரு பண்ணையாளின் கெஞ்சலும் ஓர் ஆண்டையின் நிபந்தனையும். அற்புதம் நிகழாத பண்ணைகளில் நந்தன்கள் என்ன ஆனார்கள்? கீர்த்தனை அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கிறது. முன்சீபின் நாவல் கேட்க வைக்கவில்லை.

அந்தக் கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் இம்மண் கொடுத்த விடையை எழுதக் கை கூசுகிறது. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலியாகச் சிறிது நெல் கூட்டிக் கேட்டுச் செங்கொடியின் கீழ்ப் போராடிய வேளாண் தொழிலாளர்களின் குடியிருப்பு தாக்கப்பட்டது. ஒரு சிறு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். எல்லாரும் தலித் மக்கள்.

நாளைக் கவனியுங்கள். கிறிஸ்து பிறப்பு விழாவின் விடியற்காலைத் திருப்பலியில் வாசிக்கப்படும் பகுதி தீத்துவுக்கு எழுதிய திருமுகத்தின் மூன்றாம் அதிகாரம். நம் மீட்பராகிய கடவுளின் தயையும் மனித நேயமும் வெளிப்பட்டதை அது அறிவிக்கிறது. பவுல் அங்கே ஆளும் சொல் அதே கிரேஸ்தொத்தேஸ். காலையில் நம் ஆலயங்களில் அந்தச் சொல் முழங்கியது. இரவில் வெண்மணி எரிந்தது. எரித்தவர்கள் நம்மவர் அல்லர் என்று சொல்லி நாம் தப்பிவிட முடியாது. பொங்கலுக்குப் புடவையும் திருவிழாவுக்குச் சோறும் கொடுத்து, அதைத் தருமம் என்று பெயரிட்டு, கூலியைப் பற்றி மட்டும் பேசாதே என்று சொன்ன பண்ணை ஒழுங்கு சாதி மதம் பாராமல் இங்கே வேரோடியிருந்தது. கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பிய கிறிஸ்தவர்களுக்கு அதில் பங்கில்லை என்று யார் சொல்வார்? அறுவடை செய்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துக்கொண்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தம் திருமுகத்தில் எழுதியது எருசலேமுக்கு மட்டும் உரியதன்று.

நமக்கு எஞ்சியிருப்பது

ஆக, வேதநாயகரிடமிருந்து நாம் பெறுவது என்ன? அவருடைய வாழ்வும் எழுத்தும் நமக்கு ஓர் ஒழுங்கைக் கற்பிக்கின்றன: கைக்கூலி வாங்காதே, சட்டத்தை எளியவனுக்கு விளங்கச் செய், நீதியை ஒழுங்காக்கு, அதன்பின் உன் சொந்தக் களஞ்சியத்தைத் திற. இந்த வரிசையை மாற்றினால் தயை, அநீதிக்குப் போர்த்திய பட்டாடையாகிவிடும். அவர் எழுதாமல் விட்ட இடம் மற்றொன்றைக் கற்பிக்கிறது: பெறுபவனுக்குப் பெயரும் முகமும் இல்லாத தயை முழுமையான தயை அன்று. நல்ல சமாரியர் காசை எறிந்துவிட்டுப் போகவில்லை. காயத்தைத் தொட்டுக் கட்டினார், தம் விலங்கின்மீது ஏற்றினார், செலவைக் கொடுத்தார், திரும்பி வருவதாகவும் சொன்னார்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020-இல் வெளியிட்ட 'அனைவரும் உடன்பிறந்தோர்' என்னும் சுற்றுமடலில், பவுலின் இந்தக் கிரேக்கச் சொல்லையே எடுத்து, தயையை மீட்டெடுக்க வேண்டிய காலம் இது என்று எழுதினார். தயை மேலோட்டமான நடத்தை அன்று, பிறரை மதித்தலோடு இணைந்தது என்பது அவர் கருத்து. மீட்டெடுத்தல் என்றால் எங்கிருந்து தொடங்குவது? நம் கைக்கெட்டும் இடத்திலிருந்து.

இன்று சம்பா நடவுக்கு வடமாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நம் மொழி தெரியாது. ஏமாற்றினாலும் கேட்கத் தெரியாது. அவர்களுக்குப் பேசிய கூலி பேசிய நாளில் போகிறதா? நம் கடைகளில் நாள்முழுதும் நிற்கும் பெண்பிள்ளைக்கு உட்கார ஒரு முக்காலி உண்டா? நம் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியைகளின் ஊதியம் நியாயமானதா? பங்குகளில் உபதேசியாரும் சமையற்காரரும் ஆலயம் பெருக்கும் அம்மாளும் மாதக் கடைசியில் கையேந்தி நிற்கிறார்களா? இவற்றுக்கு விடை சொல்லிவிட்டுத்தான் வின்சென்ட் தே பவுல் சபையின் உண்டியலுக்கு நாம் கைநீட்டலாம். இக்கேள்விகள் பங்குக் குருக்களையும் சேர்த்தே கேட்கப்படுகின்றன.

அப்படியானால் நீதி வந்துவிட்டால் தயை வேண்டாமா என்று ஒருவர் கேட்கலாம். வேண்டும்; அப்போதுதான் அதற்குத் தன் உண்மையான வேலை கிடைக்கிறது. கூலியைச் சட்டம் பெற்றுத் தரும். கூலி கொடுப்பவன் முகம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் விதிக்க முடியாது. வழக்கில் தோற்றவனுக்குத் தீர்ப்பைச் சொல்ல நீதிபதியால் முடியும். அவன் மானம் கெடாதபடி சொல்லக் கண்ணோட்டம் உடைய நீதிபதியால் மட்டுமே முடியும். நோயாளிக்கு மருந்து உரிமை. படுக்கையருகே அமர்ந்து அவன் பேச்சைக் கேட்பது தயை. ஒப்புரவு அருளடையாளத்தில் மன்னிப்பு பெறுவோர் எல்லாரும் அறிவர்: மன்னிப்பின் சொற்கள் எந்தக் குருவிடமும் ஒன்றே, ஆனால் சிலரிடம் போய்வந்தபின் மனம் எழுந்து நடக்கிறது.

வேதநாயகரின் நூல்களை மீண்டும் கையில் எடுப்போம். 'நீதிநூ'லை நம் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாம். கீர்த்தனைகளை நம் பாடகர் குழுக்கள் பழகலாம். நாவலை அதன் குறைகளோடு சேர்த்துப் பங்கு வாசகர் வட்டங்களில் விவாதிக்கலாம். அவர் பாடாமல் விட்ட வயலை நம் எழுத்தாளர்கள் எழுதட்டும். ஆடுதுறைக்கும் திருவாரூருக்கும் நாகைக்கும் நடுவே வரப்பில் நிற்கும் மனிதருக்குப் பெயரும் முகமும் கொடுக்கும் ஒரு கத்தோலிக்க நாவல் எழுதப்பட வேண்டும். அதுவரை, நம் அதிகாரத்துக்குக் கீழே நிற்பவர் யாராயினும், அவர் கழுத்தில் நாம் வைத்திருக்கும் நுகத்தை ஒருமுறை தடவிப் பார்ப்போம். புண் இருந்தால் முதலில் நுகத்தை இழைப்போம். பிறகு மருந்து தடவுவோம்.